கடைசி ஓவர்

அனல்மின் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் யார் இருமினாலும் கம்பத்திலிருக்கும் கருவி அதைக் கேட்டுவிடும். ஒவ்வொரு இருமலுக்கும் நிலையம் அரை மணி நேரம் நின்றுவிடும், தெருவில் கரண்டும் போய்விடும். மக்களின் நுரையீரலைக் காப்பதற்காக வந்த சட்டம் அது.

இறுதி ஆட்டத்தன்று சூசையின் வீட்டு டிவி முன்னால் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி ஓவர் தொடங்கியபோது சூசைக்குத் தொண்டை அரித்தது. துண்டை வாயில் திணித்துக்கொண்டார்.

“மூஞ்சியெல்லாம் செவந்துபோச்சு. இருமித் தொலைங்க,” என்றாள் மனைவி பிலோமினா.

“ஆறே பாலுதான் அண்ணி. அண்ணன் பொறுத்துக்கும்,” என்றான் பக்கத்து வீட்டு டில்லி.

இரண்டாவது பந்தில் சூசை இருமிவிட்டார். டிவி அணைந்தது. அவர் குற்றவாளிபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

யாரும் திட்டவில்லை. டில்லி மெல்லத் தொண்டையைக் கனைத்தான். பிறகு குலுங்கிக் குலுங்கி இருமினான்.

“உனக்குமாடா?” என்றார் சூசை.

“ஒரு வருசமா அடக்கி வெச்சிருக்கேண்ணே.”

எதிர்வீட்டிலும் யாரோ இருமினார்கள். அடுத்து மாடியில். கொஞ்ச நேரத்தில் தெருவே இருமியது.

அன்று பொழுது சாயும்வரை கரண்ட் வரவில்லை. புகைபோக்கியில் புகையும் இல்லை.