சிங்காரத்தின் தனி சர்வர்

“நண்டு விக்கறதுக்குத் தனி சர்வரு இன்னாத்துக்குய்யா?”

குப்பத்துத் தலைவர் சுப்பராயலு கேட்டதும் கூட்டம் மொத்தமும் சிரித்தது. சிங்காரம் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்துக் குடும்பங்கள் பன்னிரண்டு சேர்ந்து ஒரு வெப்சைட் நடத்துகின்றன. சனிக்கிழமை சாயங்காலம் சென்னைக்காரர்கள் ஆர்டர் போட்டால், ஞாயிறு விடிந்ததும் நண்டும் இறாலும் ஐஸ் பெட்டியில் போய்ச் சேரும். சைட்டைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு சிங்காரத்துடையது.

அந்த மனுஷன்தான் ஆடி மாதம் யாரையும் கேட்காமல், பலருடைய சைட்டுகள் ஒன்றாக இருந்த சர்வரிலிருந்து இந்தச் சைட்டைத் தனி சர்வருக்கு மாற்றிவிட்டார். அதுவும் பராமரிப்பு, பாதுகாப்பு எல்லாவற்றையும் கம்பெனியே பார்த்துக்கொள்கிற உசத்தியான வகை. பொதுப் பணத்திலிருந்து ஒரு வருஷத்துக்குக் கட்டியும் ஆகிவிட்டது. விஷயம் வெளியே வர ஒரு மாதம் ஆயிற்று.

சுப்பராயலு சும்மா விடுவாரா? பொன்னேரியில் சைட் போட்டுக் கொடுத்த உதயகுமாருக்கு அங்கேயே போன் போட்டார். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது.

“தம்பி, பழைய சர்வர்ல இருந்தப்ப நம்ம சைட்டு ஒரு தபாவாவது படுத்துச்சா?”

“இல்லீங்க.”

“மெதுவா ஓடுச்சா?”

“இல்லீங்க. நல்லாத்தான் ஓடுச்சு.”

போனை வைத்தார்.

“கேட்டுக்கினியா சிங்காரம்? நல்லா ஓடுற சைட்டை எதுக்கு மாத்துன? கமிஷன் எவ்ளோ?”

“கமிஷன்லாம் வாங்கலண்ணே.”

“அப்ப காரணத்தச் சொல்லு.”

சிங்காரம் காரணத்தைச் சொல்லவில்லை. “செலவு என்னுது. ஐப்பசில வர்ற என் பாட்டை எடுத்துக்கோங்க” என்றார்.

பாடு என்றால் ஏரியில் வலை போடுகிற முறை. எந்த இடத்தில் எந்த நாள் யாருடையது என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். ஐப்பசியில் இறால் ஏறுகிற சமயத்தில் கிடைக்கிற பாடுதான் ஒரு வீட்டுக்கு வருஷத்துச் சோறு. அதைப் போய் ஒருத்தன் சும்மா விட்டுக் கொடுக்கிறான் என்றால், குற்றமுள்ள நெஞ்சாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. சைட் பொறுப்பும் கையைவிட்டுப் போனது.

வீட்டில் மனைவி சாந்தி பிடித்துக்கொண்டாள்.

“மெய்யாலுமே துட்டு வாங்குனியாய்யா?”

“இல்ல சாந்தி.”

“அப்ப காரணத்தச் சொல்லித் தொலைய வேண்டியதுதானே?”

“சொன்னா இன்னா பேசுவாங்கனு எனக்குத் தெரியும். வுடு.”

ஐப்பசி வந்தது. சிங்காரத்தின் முறைநாளில், அவருடைய இடத்தில் ஊர் சார்பில் முனியன் வலை போட்டான். அன்றைக்கு இறால் கொட்டியது. சிங்காரம் ஏரிப் பக்கமே திரும்பாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். தீபாவளிக்கு அந்த வீட்டில் மட்டும் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை.

தீபாவளி முடிந்த மறுநாள் எல்லம்மா வந்தாள். ஏரியில் இறங்கிக் கையாலேயே நண்டு பிடிக்கிறவள். அவர்கள் தெருவை இந்தக் குப்பத்துக்காரர்கள் ஏறிட்டுப் பார்ப்பதுகூடக் கிடையாது. கையில் ஒரு பை நிறைய நண்டு.

“புடிக்கா. மனசு நெறைஞ்சிருக்கு, அதான் எடுத்தாந்தேன்.”

“இன்னா விசேஷம் எல்லம்மா?”

“என் பொண்ணு அம்பிகா, நாங்க புடிக்கறத விக்க ஒரு சைட்டு வச்சிருக்கா இல்ல? மொத ஆறு மாசம் ஒரு ஆர்டர் கூட வரலக்கா. ‘நம்ம ஆளுங்க கை பட்டத எவன் வாங்கித் துன்னுவான்’னு சோறு தண்ணி இல்லாம அழுதுனு இருந்தா. இப்ப மூணு மாசமா, சனிக்கிழமையானா ஆர்டர் வந்துனே இருக்கு. எந்த சாமி கண்ணத் தொறந்துச்சோ!”

“நல்லா இருக்கட்டும்.”

எல்லம்மா குரலைத் தாழ்த்தினாள். “தப்பா நெனைச்சிக்காதக்கா. அண்ணன் ஏன் இப்டிப் பண்ணாரு? பெருமைக்கு சர்வர் வாங்கி, கைல இருந்த பாட்டை வுட்டுட்டாரே. எங்க தெருவுல கூட சிரிக்கிறாங்க.”

சாந்தி அவமானத்தோடு நண்டை வாங்கி வைத்துக்கொண்டு அவளை அனுப்பி வைத்தாள்.

பிறகுதான் அந்த மூணு மாசம் உறைத்தது. கம்ப்யூட்டர் சங்கதி எதுவும் அவளுக்குத் தெரியாது. ஆனால் சர்வர் மாறிய ஆடியிலிருந்து ஆவணி, புரட்டாசி என்று எண்ணத் தெரியும். உதயகுமாருக்குப் போன் போட்டு, சைட்டை ஏன் மாற்றினார் என்று கேட்டாள்.

“அண்ணன் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாருக்கா.”

“பாடே பூட்ச்சு. இன்னும் இன்னாப்பா மறைக்கறது?”

உதயகுமார் விஷயத்தை உடைத்தான்.

“உங்க சைட்டும் அம்பிகா சைட்டும் ஒரே சர்வர்ல இருந்துச்சுக்கா. சனிக்கிழமை உங்களுக்குக் கூட்டம் ஏறுனா, அவங்க சைட்டு தொறக்கவே தொறக்காது. தனியா வேற இடம் எடுக்க அவங்களுக்கு வசதி இல்ல. ‘அவங்க சைட்டு சின்னதுதானே, தூக்கிடறேண்ணே’ன்னு நான்தான் அண்ணன் கிட்ட கேட்டேன்.”

“அதுக்கு அவரு இன்னா சொன்னாரு?”

“‘நம்ம வலை அடுத்தவன் பாட்டை மறிச்சா, நம்ம வலையைத்தான்டா தூக்கணும்’னாரு.”