மூன்றாவது டிஸ்க்

மூன்றாவது பிளாப்பி டிஸ்க்கின் தகட்டு மூடியில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. சுமித்ரா அதை நகத்தால் சுரண்டினாள்.

பக்கத்து ஸ்டூலில் அம்மா ஜெயம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கொழும்பில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்கு நின்ற மகன் சதீஸ், தைப்பொங்கலுக்கு யாரிடமோ கொடுத்தனுப்பியவை இந்த டிஸ்க்குகள். பேசிப் பதிந்ததைச் சுருக்கி, ஒன்றில் கொள்ளாமல் மூன்றாக வெட்டியிருந்தான். மேலே 'அம்மா கேட்க' என்று எழுதியுமிருந்தான்.

ஜெயம்மாவுக்கு எழுத்து தெரியாது. பிள்ளை செய்த முதல் வேலை என்று நினைத்தாள். முதல் சம்பளத்தை வைப்பதுபோல் மூன்றையும் மாரியம்மன் படத்துக்குப் பின்னால் வைத்து, விபூதி பூசிச் சந்தனப் பொட்டும் வைத்துவிட்டாள். புளத்கொகுபிட்டிய தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் இதைப் போட்டுக் கேட்கக் கம்ப்யூட்டரா இருக்கிறது?

மாசியில் ஒரு ராத்திரி கடை தீப்பிடித்தது. சதீஸ் உள்ளே இருந்தான்.

பொங்கலுக்கு வீட்டுக்கு வர முடியாத சுமித்ராவின் கண்ணில், கருமாதிக்கு வீடு கழுவும்போதுதான் டிஸ்க்குகள் பட்டன. ரம்புக்கனையில் தான் தங்கி வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். சுமித்ராவுக்கு இன்னும் அழுகை வரவில்லை. கை மட்டும் வேலை செய்தது.

கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினாள். முதல் டிஸ்க் ஓடியது. அடுத்ததைப் போடு என்றது, போட்டாள். மூன்றாவது கரகரவென்று இழுத்து நின்றது. மாரியம்மன் பிள்ளையைக் காப்பாளோ என்னவோ, டிரைவுக்கு விபூதி ஆகவே ஆகாது.

எடுத்து நன்றாகத் துடைத்து மறுபடி கொடுத்தாள். இந்த முறை பதிவு ஒரு குறையுமில்லாமல் விரிந்தது.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, முதலில் தான் மட்டும் ஹெட்போனை மாட்டினாள்.

"அம்மா, போன்ல பேச ஏலாது, மொதலாளி பக்கத்துலயே நிப்பாரு. ராவுல என்னைய உள்ள வச்சு வெளியில பூட்டிட்டுப் போறாங்க. பயமா இருக்கும்மா. வந்துருன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க, அடுத்த பஸ்ஸுலயே வந்துர்றேன்."

சுமித்ரா ஹெட்போனைக் கழற்றினாள்.

"நான் சந்தனம் வச்சதுனாலதானே டிஸ்க்கு போச்சு?" என்றாள் ஜெயம்மா.

"இல்லம்மா, உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. அண்ணன்தான் சரியாப் பதியல. உள்ள ஒன்னுமே இல்ல."

ஜெயம்மா பெருமூச்சு விட்டாள்.

"அவனுக்கு எதுலயும் அவசரந்தான்," என்றாள். கருமாதிக்குப் பிறகு அன்றுதான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.