சகல பாத்தியம்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் நடக்காத ஒரு கதையைச் சொல்கிறேன். அது வரப்போகும் காலம். நிலத்தைப் போலவே ஓட்டும் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும், விற்கவும் விற்கலாம்.

ஆற்றங்கரைத் தெருவை இடித்து மில்லுக்குக் கொடுக்கலாமா என்று அன்று வாக்கெடுப்பு. அந்தத் தெருவில் குடியிருக்கும் பூவாத்தாள் முதல் ஆளாக வந்து நின்றாள்.

"ஏனம்மிணி, உனக்கு ஓட்டு இல்லியே" என்றார் அதிகாரி.

"நான் இன்னும் சாகலீங்களே!"

வரிசை சிரித்தது.

"அப்பன் செத்தப்ப அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்தியல்ல? 'சகல பாத்தியமும் விட்டுக் குடுத்தேன்'னு போட்டிருக்குது. அதுல ஓட்டும் போயிருச்சு."

"காடு தோட்டமும் வீடும்னுதானுங்க நெனச்சேன். பொறந்த வீட்டுச் சீர் நின்னுறக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டேன்."

"உங்கண்ணன் அந்த ஓட்டையும் மில்லுக்காரருக்கு வித்துப்போட்டானே."

அதற்குள் அதிகாரி எழுந்து நின்றார். மில்லுக்காரரின் ஆறு மாதப் பேரனைத் தாய் இடுப்பில் சுமந்து வந்தாள். அப்பன் முன்பே போய்விட்டான்; தாத்தா போன மாதம்தான் இறந்திருந்தார். பதினோராயிரம் ஓட்டு அந்தப் பிள்ளையின் பேரில் இருந்தது. தாய் அதன் விரலைப் பிடித்துப் பொத்தானில் வைத்து அழுத்தினாள். மை வைத்ததும் பிள்ளை வீறிட்டு, விரலை வாய்க்குக் கொண்டுபோயிற்று.

"வாயில வெக்காத சாமி, கசக்கும்" என்று பூவாத்தாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் தெருவுக்கு இடிக்கும் இயந்திரம் வந்தது.

உங்கள் வீட்டில் பிறக்கும் பெண்ணின் விரல் அவளுக்கே சொந்தமாக இருக்கட்டும், கண்ணுகளா.