தெளிந்த தண்ணீர்

சாயப்பட்டறைக்குக் கீழே ஓடை சிவப்பாக ஓடுகிறது. அதில் மொண்ட ஒரு குவளைத் தண்ணீருக்குள், ஆய்வகத்திலிருந்து வந்திருக்கும் லுவோ இச்சென் நுங்கு போன்ற ஜெல் கட்டியைப் போடுகிறான். சின்னஞ்சிறு மூலக்கூறுகள் கைகோத்து உண்டான கட்டி மெல்லச் சிவக்கிறது, தண்ணீர் தெளிகிறது. வாத்து வளர்க்கும் குய்ஃபாங் குவளையை வெயிலில் தூக்கிப் பார்க்கிறாள், முகர்கிறாள்.

"இந்தக் கட்டிய பட்டறைக்காரங்களே வாங்கிக்கிறோம்னுட்டாங்க, அத்தை."

"அவங்களேவா? இது சாயத்த மட்டும் பிடிக்குமா, கூட வர்ற வெசத்தையுமா?"

"சாயத்த மட்டுந்தான்."

"செவப்பப் பாத்துத்தான் தம்பி வாத்த அடைக்கிறேன். இனிமே எதப் பாத்து அடைக்க?"

பட்டிக்குள்ளிருந்து வாத்துகள் தெளிந்த தண்ணீரை நோக்கிக் கழுத்தை நீட்டுகின்றன. குய்ஃபாங் குவளையை எட்டாத தூரத்துக்கு நகர்த்துகிறாள்.