இருபத்து மூன்றாவது வெர்ஷன்

வேலையை விட்டு விலகும் கடிதத்தை அவரே டைப் அடித்துக் கொண்டுவந்துவிட்டார். என்ன கரிசனம்!

உச்சியில், நட்ட நடுவில், பிள்ளையார் சுழி. அடியில் அவள் பெயர். இடையில், 'தவறு முழுக்க என்னுடையது.'

"கையெழுத்துப் போட்டுருங்க அம்மிணி." மேனேஜர் வெள்ளியங்கிரி பேனாவை நீட்டினார். "நம்ம வீட்டுப் புள்ளையா நெனச்சுத்தான் சொல்றேன்."

அவர் வீட்டுப் பிள்ளை! அதற்கான பாவத்தை அவள் எந்த ஜென்மத்திலும் செய்திருக்க மாட்டாள்.

எதிரே டாக்டரம்மா. இந்த டயாலிசிஸ் சென்டர் அவருடையது. ரெண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாத முகம்.

இங்கே டயாலிசிஸுக்கு வரும் ஆறுச்சாமி ஐசியூவில் கிடக்கிறார்.

மிஷின் ரிப்பேர் என்று அவர் முறையைச் செவ்வாயிலிருந்து திங்களுக்கு மாற்றினார்கள். எஸ்எம்எஸ் போனது. ஆறுச்சாமிக்குப் படிக்கத் தெரியாது. வழக்கம்போலச் செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி வந்தார். உங்க முறை நேத்தே போச்சு, வியாழக்கிழமை வாங்க என்று திருப்பி அனுப்பினார்கள். புதன்கிழமையே மூச்சு முட்டிவிட்டது.

இப்படி ஆகக் கூடாது என்றுதான் அவள் மண்டையை உடைத்து அந்த ஏற்பாட்டைச் செய்திருந்தாள். முதலில் எஸ்எம்எஸ். பதில் வராவிட்டால் கம்ப்யூட்டரே போன் போட்டு, தமிழில் பேசிச் சொல்லும்.

போன் போடும் அந்தப் படியை யாரோ நீக்கியிருந்தார்கள்.

"நான் சொல்றத நம்ப வேண்டாங்க டாக்டரம்மா. அந்த ஏஐகிட்டயே கேளுங்க. அது பொய் சொல்லாதுங்க." மேனேஜர் முந்திக்கொண்டார்.

ஆபீசில் ஏஐ ஏஜென்ட் ஒன்று உண்டு. அந்த ஏற்பாட்டின் பழைய வெர்ஷனைக் கேட்டால் தேடி எடுத்துக் கொடுக்கும். காலையில் மேனேஜரே கேட்டிருக்கிறார். மொத்தம் இருபத்து நான்கு. இருபத்து மூன்றாவதில் போன் காணாமல் போயிருக்கிறது. மாற்றியவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

எல்லாவற்றிலும் அவள் பெயர்தான். நாலு பேருக்கு ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்டு. தனித்தனியா எதுக்குங்க, நாமெல்லாம் ஒரே குடும்பம்தானே என்று சொன்ன மகராசன், இதோ, பேனாவை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

நல்லவர். பக்திமான். சுழி போடாமல் ஓர் எழுத்து ஓடாது அவருக்கு. லீவு லெட்டருக்குச் சுழி. டீ வாங்கும் லிஸ்டுக்குச் சுழி. டாய்லெட் கழுவும் அட்டவணைக்கும் சுழி. பிள்ளையாருக்கே குமட்டியிருக்கும்.

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.

பெயரையும் தேதியையும் பார்த்ததோடு மனுஷனுக்குத் திருப்தி. ஒவ்வொரு வெர்ஷனோடும், மாற்றியவர் எழுதிய குறிப்பும் அப்படியே இருக்கும் என்பது தெரியாது. சேவ் பண்ணும்போது ஒரு பெட்டி கேட்கும், என்ன மாற்றினீர்கள் என்று. அவள் ஒருநாளும் அதை நிரப்பியதில்லை. இவரைப் போன்ற ஒழுங்குசிகாமணிகள் காலியாக விட மாட்டார்கள்.

'இருபத்து மூன்றாவது வெர்ஷனை முழுசாக எடு. குறிப்போடு.'

டைப் அடித்தாள்.

எடுத்துக் கொடுத்தது.

லேப்டாப்பை டாக்டரம்மா பக்கம் திருப்பினாள். கடிதத்தை அதற்குப் பக்கத்தில் வைத்தாள். இந்த ஆளுக்காக எச்சிலை வேறு வீணாக்க வேண்டுமா?

திரையில் இரண்டே வரி.

உ

போன் நீக்கம். எஸ்எம்எஸ் போதும்.

டாக்டரம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். திரையைப் பார்த்தார். கடிதத்தின் உச்சியைப் பார்த்தார். மறுபடி திரையை.

"அது வந்துங்க டாக்டரம்மா..."

டாக்டரம்மா கடிதத்தை எடுத்து, மேஜைமேல் வெள்ளியங்கிரியின் பக்கம் நகர்த்தினார்.

பேனா இன்னும் அவர் கையில்தான் இருந்தது.