பதினைந்து கிலோ

மலையேறும் பை கேட்டு வந்த நிவாஸ், மூன்றாவது பையையும் கழற்றி வைத்தபோது, ஒரகடம் கடைக்காரர் பகலவனின் பொறுமையும் கூடவே கழன்றுகொண்டது.

“இதுல இன்னாப்பா குறை?”

“தோள்ல வெட்டுதுண்ணே. பாரம் இடுப்புல உக்காரணும். சோளிங்கர் மலைக்கோயில்ல ஆயிரத்து முந்நூறு படி. நடுவுல கீழ இறக்காம ஏறணும்.”

“அங்க ரோப் கார்தான் கீதே?”

“நடந்துதாண்ணே போவணும்.”

ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு வந்திருந்தவன், நான்காவது பையில், தான் கொண்டுவந்திருந்த பதினைந்து கிலோ அரிசி மூட்டையை வைத்து, இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு, கடையின் மாடிப்படியில் நாற்பது தடவை ஏறி இறங்கினான். பார்த்துக்கொண்டிருந்த பகலவனுக்குத்தான் மூச்சு வாங்கியது.

“இது சரியா கீதுண்ணே. அடியில மட்டும் ரெண்டு ஓட்டை போட்டுக் குடுங்க.”

“புதுப் பையிலயா? எதுக்கு?”

“பாப்பாவுக்குக் கால் வெளிய தொங்கணுமே. ஆறு வயசு.”

பகலவன் கத்திரிக்கோலைத் தேடி எடுத்தார்.

“வேண்டுதலாப்பா?”

“அவ நடந்தா படியேறி வரேன்னு மூணு வருஷம் முன்னாடி வேண்டிக்கினேன். இன்னும் நடக்கல.”

“அப்போ எதுக்குப் போற?”

“எந்தக் கொயந்தன்னு சாமிக்குத் தெரியலயோ இன்னாவோண்ணே. நேர்ல காட்டிட்டு வரேன்.”