ராசியான தகடு

ஒன்பதாம் நம்பர் தகட்டை மூன்றாவது முறையாக விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார் ஸ்டோர்காரர்.

மற்ற தகடுகள் கிண்ணென்றன. இது தொப்பென்றது.

காதோடு வைத்து ஆட்டினார். உறைக்குள் மணல் நகர்கிற மாதிரி சத்தம்.

வெளியே பணம் ஏற்றும் வேன் உறுமிக்கொண்டு நின்றது. காவலுக்குப் போகிறவர்கள் நெஞ்சுக்கு நேராக இந்தப் பீங்கான் தகட்டைச் செருகிக்கொண்டுதான் ஏறுவார்கள். முழுசாக இருந்தால் குண்டைத் தாங்கும். விரிசல் விட்டிருந்தால், வெறும் சுமை.

ஒன்பதாம் நம்பருக்குத்தான் அடிதடி. அதன் நடுவில் கட்டைவிரல் அளவு குழி. வேறு கிளையில் ஒருவன் நெஞ்சுக்கு வந்த குண்டை நிறுத்திய தகடு என்று பேச்சு. ஆளுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துப் போட்டுக்கொண்டார்கள். குழியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவனும் உண்டு.

இந்த வாரம் ஸ்டோர்காரரின் தங்கை புருஷன் முறை. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். முதல் தடவை.

“என்ன மச்சான், தர்பூசணியா வாங்குற, இந்தத் தட்டுத் தட்டுற? குடு, வண்டி கெளம்புது.”

“இது வேணாம் மாப்ள. பதினாலு எடுத்துக்க.”

“வெளையாடுறியா? ஒரு உசுரக் காப்பாத்துன தகடு. இன்னைக்கு ஒம்போது எனக்குன்னு உன் தங்கச்சிகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்.”

ஸ்டோர்காரர் கதவு வரை போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார்.

ஹாரன் அடித்தார்கள்.

மேசைக்கு அடியிலிருந்து சுத்தியலை எடுத்து ஓங்கிப் போட்டார். இரண்டாவது அடியில் உறை கிழிந்து வெள்ளைத் துண்டுகள் சிதறின.

தங்கை புருஷனுக்கு முகம் கறுத்துவிட்டது.

“எனக்கு ஒண்ணு கெடச்சா மட்டும் உனக்குப் பொறுக்காதுய்யா.”

பதினாலாம் நம்பரைப் பிடுங்கிக்கொண்டு போனான். வேன் கதவை அறைந்து சாத்திய சத்தம் கேட்டது.

ஸ்டோர்காரர் துண்டுகளைக் கூட்டி அள்ளினார்.

இரண்டு வருடத்துக்கு முன் அலமாரி மேல்தட்டிலிருந்து வண்டி ஜாக்கியை இறக்கும்போது அவருக்குக் கை நழுவியது. ஜாக்கி கீழே கிடந்த ஒன்பதாம் நம்பர் தகட்டின் நடுவில் விழுந்தது. குழி ஏது என்று மேனேஜர் கேட்டார். வேலை போய்விடுமே என்று, வேறு கிளையிலிருந்து வரும்போதே குண்டு பட்டு வந்தது சார், ஆள் பிழைத்துக்கொண்டான் என்று வாயில் வந்ததைச் சொன்னார்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு பேர் முறை வைத்து அதை நெஞ்சில் போட்டுக்கொண்டு வேனில் ஏறியிருக்கிறார்கள்.

ஒவ்வொருவனிடமும், நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அவர் கொடுத்தார்.